மங்களம் பாடாத படம்

அம்மா தியேட்டருக்கு ஒயர் கூடையோடு வந்தாள். கூடையில் பித்தளைத் தட்டு, ஒரு பொட்டலம் கற்பூரம், குங்குமச் சிமிழ், தீப்பெட்டி. படம் எப்படி முடிகிறது என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அப்படி முடித்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷம் முழுக்கத் தலையில் புழுதியோடு வருகிற மனுஷன், திருவிழாவில் ஒரு நாள் மட்டும் முகத்தில் அரிதாரம் பூசி ஏரிக் காவல்காரன் ஆகிவிடுவார். அது எங்கள் ஊர் நாடகம். பேச்சு கம்மி, எல்லாம் பாட்டு. பெருமழையில் ஏரிக்கரை உடைகிறது. அடைக்க மண் போதவில்லை. காவல்காரன் உடைப்பில் தன் உடம்பையே வைத்து அடைத்துச் செத்துப்போகிறான். சாகும்போது பன்னிரண்டு சரணம் பாடுகிறான். முப்பது வருஷமாக அந்தப் பன்னிரண்டையும் பாடிச் செத்தவர் அப்பாதான்.

செத்ததோடு நாடகம் முடிந்துவிடாது. செத்தவனை எழுப்ப வேண்டும். மங்களம் பாடுவார்கள். காவல்காரனாக நடித்தவரின் சொந்தப் பெண்டாட்டி தட்டில் கற்பூரம் ஏற்றி மேடைக்கு வந்து மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைப்பாள். அவர் எழுந்து சபையைப் பார்த்துக் கும்பிட வேண்டும். அதற்கு முன்னால் ஒருவரும் பாயைச் சுருட்டக் கூடாது. எழுப்பாமல் போனால் அந்தச் சாவு வேஷத்தோடு போகாது, ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஊர்க்கணக்கு. அம்மா ஒரு வருஷம்கூட நாடகத்தை முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. திரைக்குப் பின்னால் தட்டோடு நின்றே காலம் போனது.

சிறுவாச்சூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் சினிமாப் படிப்புப் படித்துவிட்டு, அந்த நாடகத்தைப் படமாக எடுக்கிறேன் என்று வந்தான். நான் பெரம்பலூரில் தமிழ் டீச்சர். அவனோடு உட்கார்ந்து திரைக்கதை எழுதியது நான்தான். காவல்காரனாக அப்பாவே நடித்தார். ஷூட்டிங்கில் மங்களத்தையும் எடுத்தோம். அம்மா பட்டுச்சேலை கட்டிவந்து கேமரா முன்னால் கற்பூரம் காட்டினாள். அன்றைக்கு அவள் பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

தை மாசம் எடிட்டிங் பார்க்கப் போயிருந்தேன். "அக்கா, செத்த இடத்துலயே நிறுத்திட்டா என்னக்கா?" என்றான் தம்பி. நிறுத்திக் காட்டினான். சேற்றில் அப்பாவின் முகம். கண் திறந்திருக்கிறது. மழை நிற்கிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. அதற்குப் பிறகு மங்களத்தைப் போட்டுக் காட்டினான். கல்யாண வீடியோ மாதிரி இருந்தது.

"வெட்டிடு தம்பி" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மாசியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அது எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதற்குப் பிறகு மங்களத்தை வெட்டியதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அரியலூர் தியேட்டர் வாசலில் வந்து நின்றாயிற்று, அதுவும் கூடையோடு.

பகல் காட்சி. ஊரிலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். பெண்கள் எல்லாம் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். முன்வரிசைகள் முழுக்க எங்கள் ஆட்கள். பின்னாலும் பால்கனியிலும் பெரம்பலூர், அரியலூர்க் காலேஜ் பிள்ளைகள். அப்பாவுக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நான். டைரக்டர் தம்பி சென்னையில் வேறு காட்சிக்குப் போய்விட்டான். மகராசன் தப்பித்தான்.

இடைவேளையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியப்பா என்னை டீக்கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, காவக்காரன் காவலுக்கு வர்ற பாட்டு ஆறு நிமிசம். ஒரு நிமிசத்துல முடிச்சுட்டீங்க. பஸ்ஸ புடிக்கப் போறீங்களா?"

"படத்துல அவ்ளோதான் பெரியப்பா வைக்க முடியும்."

"அப்ப எதுக்கு எங்க நாடகத்த எடுத்தீங்க? வேற எதயாச்சும் எடுக்க வேண்டியதுதான?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை ஒன்று சும்மா இருக்கவில்லை. "இல்லங்க தாத்தா, பாட்டு நிக்குற எடத்துல அவரோட கண்ணே பேசுதுங்க. சூப்பரா இருக்கு."

"கண்ணு பேசுமா? எங்களுக்குக் காது இருக்கும்மா" என்று கிளாசை டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். பாட்டைக் குறைத்ததற்கே இந்தப் பாடு. இன்னும் முடிவைப் பார்க்கவில்லையே இவர்கள்.

முடிவு வந்தது. பன்னிரண்டு சரணத்தில் இரண்டுதான் வைத்திருந்தோம். அப்பா சேற்றில் சாய்ந்தார். முன்வரிசையில் பெண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அம்மா கூடையைத் துழாவித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், மங்களம் வந்துவிடும் என்று. திரையில் அப்பாவின் முகம் பெரிதாக நின்றது. மழை நின்றது. திரை கறுத்தது. பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன.

பால்கனியில் ஒரு விநாடி மூச்சே இல்லை. பிறகு இடி இடித்த மாதிரி கைதட்டல். காலேஜ் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர்கூடத் தட்டவில்லை. ஒருவர்கூட எழுந்திருக்கவும் இல்லை.

"மங்களம் எங்கடா?" என்று ஒரு குரல்.

"இன்னும் இருக்கு, உக்காருங்க" என்றது இன்னொன்று. விளக்கு போட்டார்கள். பெயர்களும் முடிந்துபோயின. அப்போதுதான் முன்னால் இருந்தவர்களுக்கு உறைத்தது.

"ஏய், ஆள எழுப்பாம முடிச்சுட்டானுவளா?"

"பாவிங்களா, மாருவலி வந்த மனுசன்டா!"

"ஆபரேட்டர கூப்புடு. அந்த ரீலப் போடச் சொல்லு!"

"படம் அவ்ளோதாங்க, போயிட்டு வாங்க" என்று மேலேயிருந்து ஒரு பையன் கத்தினான். "நல்ல படத்த கெடுக்காதீங்கய்யா!" எங்கள் ஊர் ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எவன்டா அவன், கீழ எறங்கி வாடா" என்று படியைப் பார்த்துப் பாய்ந்தார். நான்கு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். மேனேஜர் கதவருகே வந்து, அடுத்த காட்சிக்கு ஆள் நிற்கிறது, எழுந்திருங்கள் என்று கெஞ்சினார். எழுப்பாமல் போகமாட்டோம் என்று இரண்டு வேன் சனமும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எடுத்தாங்களேடி. நாந்தானே கற்பூரம் காட்டுனேன்."

"வெட்டிட்டோம்மா."

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தாம்மா."

"எப்ப வெட்டுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்காவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தை மாசம்."

அவள் விரலை மடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தைக்கு அடுத்தது மாசி. சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று மூடநம்பிக்கையைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவள் நான். இருந்தாலும் அந்த நிமிஷத்தில் முதுகு சில்லிட்டுப்போனதை மறைக்கமாட்டேன்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எந்திரிங்க. அந்தத் திரைக்கிட்ட போயி நில்லுங்க. நான் தட்டு காட்டுறேன்."

அப்பா எழவில்லை. தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. கண் மூடியிருந்தது. கை இரண்டும் தொடையில் கிடந்தன.

"என்னங்க."

அசையவில்லை.

"என்னங்க! எந்திரிங்களேன்!"

தட்டு அவள் மடியிலிருந்து விழுந்து உருண்டு, முன்னால் எங்கோ போய் மோதி நின்றது. அந்தச் சத்தத்தில் தியேட்டரே அடங்கிவிட்டது. மேலே கத்தின பையன்களும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நான் அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டேன். மாத்திரை அட்டை கையில் சிக்கவில்லை. சிக்கியதும் பிரிக்க வரவில்லை. தாயே, தாயே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. அந்தத் தாய் யார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நல்ல முடிவு வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்பனைக் கொன்றுவிட்டேன்.

அவர் கை என் கையைப் பிடித்தது.

"இரு பாப்பா" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. குரல் ஈரமாக இருந்தது. "கொஞ்ச நேரம் இருங்க. நல்லா செத்துருக்கேன்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னாங்க சொல்றீங்க?"

"முப்பது வருசமா சாவுறேன். ஒரு தடவயாச்சும் முழுசா சாவ வுட்டுருக்கீங்களா? அவன் செத்தான்னு ஒருத்தனும் வூட்டுக்கு அழுதுகிட்டுப் போனதில்ல. நான் எந்திரிச்சதும் கும்புட்டுட்டுச் சிரிச்சிகிட்டே போயிடுவானுவ. இன்னக்கித்தான் அவன் செத்த மாதிரி இருக்கு. அந்தப் புள்ளைவ அழுவுதுவ பாரு." மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இன்னும் கொஞ்சம் இருந்துக்கிறேன் புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷிக்கு உயிர் போய் வந்திருக்கிறது, இவருக்கு நடிப்பு. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. படம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முழு அரங்கத்திலும் அவர் என்ன நினைக்கிறார் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா அவரைத் திட்டவில்லை. முன் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தட்டைத் தேடி எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க செத்தது போதும். எனக்காவ எந்திரிங்க."

அவர் எழுந்தார். திரைக்குக் கீழே போய் நின்றார். தியேட்டருக்குள் நெருப்பு கூடாது என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டதால், அம்மா கற்பூரத்தை ஏற்றாமலே தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் குங்குமம் வைத்தாள். பெரியப்பா ஆர்மோனியம் இல்லாமல் வெறும் வாயால் மங்களம் எடுத்தார். அப்பா கும்பிட்டார். முன்வரிசை மொத்தமும் பெருமூச்சு விட்டு எழுந்தது. பால்கனியில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். டீக்கடையில் பேசின பெண் என்னிடம் வந்து, "இது இல்லாமலே நல்லா இருந்துச்சு மிஸ்" என்றாள். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, மங்களத்தைத் திரும்ப ஒட்டு என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஒட்டிக் கிட்டித் தொலச்சுடாத தம்பி" என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஒரு வழிக்கு வந்தார்கள். அதிலிருந்து படம் தியேட்டரில் ஓடினவரைக்கும் தினமும் பகல் காட்சி முடிகிற நேரத்துக்கு அப்பா பஸ் ஏறி அரியலூர் போனார். திரைக்குக் கீழே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். சில பிள்ளைகள் அவரோடு செல்பி எடுத்தார்கள். சில பிள்ளைகள் அவர் வருவதற்குள் எழுந்து போனார்கள்.

இப்போது படம் போனிலேயே வருகிறது. யார் எப்போது எங்கே பார்க்கிறார்கள் என்று அம்மாவால் எப்படிப் பிடிக்க முடியும்? தெரிந்தவரைக்கும் பிடிக்கிறாள். பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், அப்பா வயலில் இருந்தாலும் டீக்கடையில் இருந்தாலும் உடனே போன் போடுவாள். அவர் "எந்திரிச்சுட்டேன்" என்று சொன்ன பிறகுதான் வைப்பாள். இது என்ன கூத்து என்று நான் அவளைக் கேலி செய்தபடிதான் இருந்தேன்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு பெண் போனில் எங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி. சேற்றில் அப்பாவின் முகம். மழை நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். முடிவு நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் கை அதற்குள் போனை எடுத்து, எண்ணை அழுத்தியிருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. நான் சீட் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பாப்பா?"

"எந்திரிச்சுட்டீங்களாப்பா?"

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நீயுமா? எந்திரிச்சுட்டேன், எந்திரிச்சுட்டேன். போன வைய்யி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."