ஒழுகும் டேங்குக்குக் கற்பூரம்

மகனுக்குப் பிறந்த குழந்தையை முதன்முதலாகப் பார்க்க, மருமகளின் தாய்வீடான ஆர்.கே.பேட்டைக்கு மனைவியோடு பைக்கில் போனேன். ஆளில்லாத சாலையில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது; டேங்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினேன்.

"என்ன வுட்டுட்டு எங்க ஓடறீங்க?"

"ஆள் தேடறேன்."

"கரும்புக்குள்ளியா?"

அந்த வாடையில் அம்மா நினைவு வந்தது. தங்கைக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போன வேனில் இப்படித்தான் டேங்க் ஒழுகியது. சகுனம் சரியில்லை என்று பெரியப்பா வண்டிக்கு முன்னால் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார். அம்மா அதைப் பிடுங்கினாள்.

"முருகரு மலைமேல கீறாரு பாவா. இங்க கொளுத்தினா நாம அவருக்கும் மேல பூடுவோம்."

பிறகு மொட்டைக்குப்பின் குளிக்க வைத்திருந்த சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பினாள். ஒழுகல் நின்றது. பெட்ரோலும் சோப்பும் கலந்து மணக்க, வேன் மலையேறியது.

நான் கரும்பைவிட்டு வெளியே வந்தேன். குழந்தைக்கு வாங்கிய புது சோப்பில் பாதியைப் பிசைந்து எங்கள் டேங்கில் அப்பினேன். ஊர் போய்ச் சேர்ந்தோம்.

நான் கை நீட்டியதும் மருமகள் மூக்கைப் பொத்தினாள். "கைய கழுவிக்கினு வாங்க மாமா, அப்புறம் தரேன்."

மீதி சோப்பில் முழங்கைவரை கழுவிவிட்டு வந்து பேத்தியை வாங்கிக்கொண்டேன்.