தையல் போட்ட கிட்னி

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் நாலாம் நம்பர் கட்டிலில் டெய்லர் சுடலைமுத்து முகமும் காலும் வீங்கி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போயே தீருவேன் என்று மல்லுக்கு நின்றார்.

"ஊரே புதுத்துணி கேக்கு. நீங்க உப்பில்லாக் கஞ்சியக் குடுத்து என்னைய இங்கன போட்டு வச்சிருக்கிய. நாளைக்கு நான் போறேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். நான் சங்கரன்கோவிலில் லேப் அட்டெண்டர். லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஏழு டெஸ்ட் டியூப், அப்புறம் நான். நோயாளியின் மூத்திரத்தை டியூபில் ஊற்றிக் கொதிக்கவைப்பேன். தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளையாகத் திரண்டு, இரண்டு சொட்டு ஆசிட் விட்டும் கலையாவிட்டால் ஆல்புமின். ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் கிட்னி வழியாக ஒழுகுகிறது என்று அர்த்தம். சுடலைமுத்துவின் டியூபில் தினமும் அரை இட்லி வெந்தது.

டாக்டர் மதராஸ்காரர், பொறுமைசாலி. என்னைக் கூப்பிட்டார். "வெளிநாட்டுல ரத்தத்தை, மிட்டாய் சுத்துற கண்ணாடித் தாள் இருக்கே, அந்தத் தாள் குழாயில ஓடவிட்டு, கழிவை மட்டும் வெளியே இறக்குறாங்களாம். புரதம் பெருசு, தாள்ல நுழையாது. நல்ல கிட்னியும் புரதத்தை விடாது. வீட்டுக்குப் போறேன்னு நிக்கிற டெய்லருக்கு இதைச் செஞ்சே காட்டுவோம். முட்டை வெள்ளையும் உப்பும் தண்ணியில கலந்து, கண்ணாடித் தாள்ல பொட்டலமாக் கட்டி, ஜாடித் தண்ணியில தொங்கவிடு. சாயங்காலம் அந்தத் தண்ணியக் கொதிக்கவச்சுப் பார்ப்போம்."

கட்டச் சொன்னார். எனக்குப் பொட்டலம் அழகாகப் படவில்லை. ஆஸ்பத்திரியிலேயே டெய்லர் படுத்திருக்கும்போது நூலைச் சுற்றிக்கொண்டிருப்பதா? மிட்டாய்க் கடையில் வாங்கிய தாளோடு நாலாம் கட்டிலுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இத ஒரு பையாத் தச்சுத் தாங்களேன்."

"ஊசி புடிச்சு ஒம்பது நாளாச்சு வே. கொண்டாரும்."

மூன்று பக்கமும் பொடித் தையல். கல்யாணச் சட்டைக்குக்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் வார்டே கூடி நின்றது. ஜாடித் தண்ணீரை டியூபில் எடுத்துக் கொதிக்கவைத்தேன். இட்லி.

"பொட்டலம்தானே கட்டினே?" என்றார் டாக்டர்.

"தையல் போட்டிருக்கு சார். ரொம்ப நெருக்கமா."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் எனக்கு மெமோ வரும். அதற்குள் சுடலைமுத்து பையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஊசி போன எடமெல்லாம் ஓட்டைல்லா வே! ஒமக்கு வெவரம் இல்ல சரி, எனக்குமா இல்லாமப் போச்சு?"

சிரித்தவர், காலையில் கொதிக்கவைத்து மேசையில் வைத்திருந்த தன் டியூபைப் பார்த்தார். ஜாடித் தண்ணீர் டியூபும் அதுவும் ஒரே மாதிரி இருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டரய்யா, என் கிட்னியும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"துணியில ஊசி ஓட்டை விழுந்தா, நனைச்சுத் தேச்சா மூடிக்கிடும். இந்தத் தாளுல மூடவே மூடாது. என் கிட்னி துணியா, தாளா?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "துணின்னுதான் நம்புறேன். உப்பில்லாமப் படுத்துக் கிடந்தாத்தான் தெரியும்."

சுடலைமுத்து படுத்தார். மறுநாள் நான் ஒழுங்காகப் பொட்டலம் கட்டினேன். தண்ணீர் தெளிவாகக் கொதித்தது. உப்பு மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், "எனக்கு ஒரு வாய் குடுங்கய்யா" என்று டெய்லர் ஜாடிக்குக் கை நீட்டினார். நர்சம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தபசன்று மேளச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊர்த் துணியெல்லாம் வேறு கடைக்குப் போயிருந்தது.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் அவர் டியூப் கொதித்தும் தெளிவாகவே இருந்தது. என்மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. இன்னொரு தடவை கொதிக்கவைத்தேன், ஆசிட் விட்டேன். தெளிவு. சுடுகிற டியூபை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணாச்சி, துணிதான்! துணிதான்!"

அவர் டியூபை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இன்னைக்குக் கொழம்புல உப்புப் போடுவாகளா?"

டாக்டர் கட்டச் சொன்னால் கட்ட வேண்டும், தைக்கக் கூடாது. லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் பாடமாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். நான் முதல் நாளே ஒழுங்காகக் கட்டியிருந்தால், சுடலைமுத்து அந்த ஓட்டைகளைப் பார்த்திருக்கவே மாட்டார்; மறுநாளே வீங்கின காலோடு வீட்டுக்குப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பார். அதை எழுத வேண்டாம்.