இருபது கிழமைக் கட்டி

எங்கள் லேனில் யாரும் ஒரு பெண்ணைப் பார்த்து "முழுகாம இருக்கியா?" என்று கேட்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். வயிறு தெரிகிறவரை காத்திருந்து, பிறகு எதையாவது சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்குகிறவளும் வாயைத் திறக்கக் கூடாது. மாத்தளை டவுனின் இந்த மரியாதையால் அந்த வருடம் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

உண்மையில் என் வயிற்றில் இருந்தது பிள்ளை இல்லை, ஃபைப்ராய்ட். கர்ப்பப்பைக் கட்டி. ஸ்கேன் பார்த்த டாக்டர், "இருபது கிழமைக் கர்ப்பம் அளவுக்கு வளந்திருக்கு" என்றார். கட்டியையும் இப்படி வாரக் கணக்கில்தான் அளப்பார்களாம். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

முதலில் வந்தது மாங்காய் அச்சாறு. அடுத்த நாள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்ட வட்டலப்பம் கொண்டுவந்தார். என் வயிற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "சாப்பிடுங்க டீச்சர், ஒடம்புக்கு நல்லம்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கரண்டி உள்ளே போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாவுல பஸ்ஸில் கொண்டக்டர் கர்ப்பிணிகளுக்கான சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தடியனை எழுப்பிவிட்டு, "மிஸ், வாடி வென்ன" என்று சிங்களத்தில் என்னை உட்காரச் சொன்னார். மூன்று மாதம் மகாராணி மாதிரிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கால்வலி அதைவிட அதிகம்.

வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அம்மாவுக்கு இதே கட்டி வந்து கர்ப்பப்பையையே எடுத்தாயிற்று. என் கூடப்பிறந்த அக்காவுக்கும் அப்படியே.

"நம்ம குடும்பத்துக்கு எழுதினது. எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. கட்டி போக வேண்டும், பை இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

உயிரியல் டீச்சருக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்துவாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். போன வருடப் பிள்ளை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பக்கத்தில் பென்சிலால் "முக்கியம்" என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு, பக்கத்தில் "பரீட்சைக்கு வராது".

"அச்சு அதேதாம்மா, ஒரு எழுத்தும் மாறல. ஆனா இந்தக் குறியைப் பாத்துட்டு அடுத்த புள்ள ஒண்ணைப் படிக்கும், ஒண்ணை விட்டுரும். நம்ம மரபணுவும் அப்புடித்தான். எதைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு அதுமேல குறி விழும். கட்டியில இருக்கிற செல்லுல அந்தக் குறியெல்லாம் மாறிக் கிடக்குது. இதைத்தான் எபிஜெனெடிக்ஸ்னு சொல்றாங்க."

"யாரு கிறுக்கினது?"

"ஹோர்மோன், வெயில் படாத ஒடம்பு, சுத்தி இருக்கிற ரசாயனம்னு பலதைச் சந்தேகப்படுறாங்க. முழுசா இன்னும் தெரியாது. பரம்பரையும் கொஞ்சம் இருக்கு. ஆனா எல்லாமே நீங்க குடுத்தது இல்ல."

அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அப்ப அழிரப்பர் எங்க விக்கிறாங்க?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. அது வரைக்கும் கத்திதான்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் பிடித்ததுதான் பெரிய வயிறு.

டாக்டர் கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். ரத்தம் நிற்காவிட்டால் பையையும் எடுக்க வேண்டி வரும் என்றார். அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில், வேனில் துணிப்பையை ஏற்றியதும் லேனே கூடிவிட்டது. மாதக் கணக்கு முடியவில்லையே என்று எல்லார் முகமும் வெளிறிக் கிடந்தது. அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. என்னால் அதற்குமேல் முடியவில்லை. "புள்ள இல்லங்க, கட்டி!" என்று கத்திவிட்டேன்.

முஸ்லிம் அக்கா வாயைப் பிளந்தார். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "சரியான ஆளு நீங்க டீச்சர்! இவ்வளவு நாளும் தின்னுட்டு இருந்தீங்களே! போங்க, அல்லாஹ் காப்பாத்துவான்." வேன் திரும்புகிற வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வாய் உலர்ந்து ஒட்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா இருந்தார்.

"பை இருக்கா?"

"இருக்கு. கட்டியை மட்டுந்தான் எடுத்தாங்க. டாக்டர்கிட்ட ஒரு தரம் கேட்டேன், நர்ஸ்கிட்ட ரெண்டு தரம் கேட்டேன்."

சிரித்தேன். தையல் சுரீர் என்று இழுத்தது. சந்தோஷம் தாங்காமல் மறுபடியும் சிரித்தேன். அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"என்னுதை எடுத்த அன்னைக்கு, கட்டியை மட்டும் எடுங்கன்னு கேக்கலாம்னே எனக்குத் தெரியாது" என்றார்.