செம்புக் கவசத்தில் அடைக்கோழி

குஜிலியம்பாறைக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் நிற்கிறேன். கடற்படை முக்குளிப்பவர்கள் அந்தக் காலத்தில் தலையில் மாட்டிய செம்புக் கவசம் ஒன்று, கடலே இல்லாத இந்த ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன்.

இருக்கிறது. ஆட்டுக்கொட்டகை மூலையில் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். மூன்று கண்ணாடிகளும் முழுசாக இருக்கின்றன. நான் சேர்த்து வைத்திருக்கும் நான்கு கவசங்களில் ஒன்றுகூட இப்படி இல்லை. வயிறு எரிகிறது. கவசத்துக்குள் ஒரு கோழி அடைகாக்கிறது. கண்ணாடி வழியே முட்டைகள் தெரிகின்றன.

"எங்கண்ணன் நேவில இருந்தாரு. ஏலத்துல எடுத்தது," என்கிறார் அந்த வீட்டு அக்கா.

"எனக்குக் குடுத்துருங்கக்கா. என்ன விலைன்னாலும் சரி."

"அடைக்கோழியக் கலைக்கச் சொல்றீகளா?"

"குஞ்சு பொரிச்சப்புறம் வர்றேன்."

"அப்பவும் தரமாட்டேன். கூடையில வச்சா பாதி கூமுட்டையாப் போகுது. இதுல போன தடவ பத்து வச்சேன். அம்புட்டும் பொரிச்சிருச்சு."

குனிந்து தொடுகிறேன். கோழி சிலிர்த்துக்கொண்டு கையைக் கொத்துகிறது. அதற்குள் தெரிந்துவிடுகிறது, செம்பு சூடாக இருக்கிறது. வாரந்தவறாமல் நான் துடைத்து வைக்கும் நான்கும் எப்போது தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும்.