அக்காவின் குடல் இன்னும் வளர்கிறது

ஆபரேஷனில் வெட்டியெடுத்த என் அக்காவின் குடல்துண்டை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று அக்காவின் கணவர், என் மாமா, வடக்கனந்தலில் இருந்து பஸ் மாறி, தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உடம்பில் வெட்டியதைச் சொந்த மண்ணில் புதைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கூடப் போனேன்.

ஆய்வகத்தில் இருந்தவர் வாளியைப் பார்த்தார்.

"இன்னாங்க, சாம்பாரா வாங்க வந்தீங்க?"

மாமா சிரிக்கவில்லை. "எங்க வூட்டுப் பொம்பள குடலு சார். குடுங்க, பொதைக்கணும்."

"அதுல இருந்து செல்லு பிரிச்சு வளத்துக்கினு இருக்கோம். குடலு தழும்பேறித் தடிச்சு அடைச்சுக்குதே, அந்தத் தழும்பை உண்டாக்குறதே இந்த செல்லுதான். மருந்து போட்டுப் பாக்குறோம்."

"அப்ப உசுரோடவா இருக்குது?"

"ஆமாங்க. கொஞ்ச நாள் வளரும், அப்புறம் நின்னுடும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "உசுரோட இருக்குறத எப்பிடிடா மச்சான் பொதைக்கிறது?"

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்குக் குடல் மறுபடி அடைக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதனால் கேட்டேன்.

"மருந்து கேட்டுச்சுன்னா, மொதல்ல எங்க அக்காவுக்குச் சொல்லுவீங்களா?"

"செல்லு வளக்குற டப்பால பேரு இருக்காதுங்க. நம்பர்தான்."

"பேரு நான் சொல்றேன். செல்வி. எழுதி ஒட்டுங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா அந்த வாளியில் டீ வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

இதைப் படிக்கிற ஆய்வகக்காரர்களே, நீங்களாவது சொல்லுங்கள். செல்விக்கு யார் சொல்வது?