விட்டு விட்டு வந்த காய்ச்சல்

தோட்டத்து மருந்துக்காரனிடம் எல்லாரும் கேட்பது விழுங்கக் குளிசை. அவன் திருப்பிக் கேள்வி கேட்டால் யாருக்கும் பிடிக்காது. நீங்களும் குளிசைக்கு வரிசையில் நின்றவர்கள்தானே, தெரியும். தொண்ணூறுகளில் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு மருந்துக்காரன் வேலை. அங்கே கொழுந்தெடுத்த பார்வதியைப் பற்றிச் சொல்கிறேன்.

பல்

சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து பார்வதியின் இதய வால்வு பழுதாகியிருந்தது. பல் பிடுங்குமுன் என்னிடம் வந்து மருந்து எடு என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் வாய்க் கிருமி இரத்தத்தில் இறங்கி, பழுதான வால்வில் போய்க் குடியேறும். அவள் பஸ் ஏறிப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். கத்தினேன். கன்னத்தைப் பிடித்தபடி சிரித்தாள்.

"வலிச்சது பல்லுங்க ஐயா. நெஞ்சையா புடுங்குனாங்க?"

கெப்சியூல்

சில வாரம் போனது. அந்தியில் காய்ச்சலாம், காலையில் ஒன்றுமில்லையாம். என்னிடம் வரவில்லை. தொழிலாளர் லயத்தில் சீனி கைமாறுவதுபோல, யாருக்கோ கொடுத்து மிஞ்சிய கிருமிக்கொல்லிக் கெப்சியூலும் வீட்டுக்கு வீடு கைமாறும். நாலைந்து விழுங்கினால் காய்ச்சல் அடங்கும். கிருமி சாகாது, பதுங்கும். புருஷன் ராமையாவை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மறித்துக் கேட்டேன்.

"காய்ச்சல் நின்னுருச்சுங்க ஐயா. காலையில என்னைய ஏசிட்டுத்தான் மலைக்குப் போறா, அவ்வளவு தெம்பு!"

நகம்

மறுபடி காய்ச்சல் என்று காதில் விழுந்ததும் நானே லயத்துக்குப் போனேன். மெலிந்திருந்தாள். வால்வில் கிருமி குடியேறினால் நகத்தடியில் சிராய் குத்தினதுபோல இரத்தக் கீற்றுத் தெரியும். அவள் நகமெல்லாம் கொழுந்துக் கறை, கறுப்பு. எதைப் பார்ப்பது? கீழ் இமையை இழுத்தேன். உள்ளே சிவப்புப் புள்ளிகள். நெஞ்சில் குழாய் வைத்தேன். பழைய இரைச்சல் மாறியிருந்தது. இனி ஒரு கெப்சியூலும் தொடாதே, ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் எடுத்துக் கிருமியைத் தேடட்டும், இப்போதே புறப்படு என்றேன்.

"கண்ணுல புள்ளின்னா கண்ணாஸ்பத்திரிக்குத்தானங்க போகணும்?"

லொறி

கொழுந்து லொறியில் அனுப்பினேன். பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு அவளே ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கினார்கள். மருந்து வேலை செய்யுமுன், வால்வில் வளர்ந்திருந்த கிருமித் திரளில் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்விட்டது. அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பின் ராமையா என் முன்னால் வந்து நின்றான். அழவில்லை.

"நடந்துதானங்க ஐயா லொறி ஏறுனா."

தூக்கிக்கொண்டு வருகிற நோயாளியை வாசல் காவலாளியே கண்டுபிடிப்பான். நடந்து வருகிறவர்களுக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.