பாசிப் பச்சை நூல்

தையல்காரர்கள் சொல்லும் 'நாளைக்கு' எந்த நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தையல்காரி அப்படியில்லை. துணியை வாங்கும்போதே சீட்டில் கிழமை எழுதிக் கொடுப்பாள். அந்தக் கிழமை போய் நின்றால் துணி இஸ்திரி போட்டு மடித்துத் தயாராக இருக்கும். அதனால் தெருவில் அவளுக்குச் 'சொன்னநேரம்' என்றே பெயர்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள் கணவர் நோயாகப் படுத்திருந்தார். பகலில் அவரைக் கவனிக்க என்னை அழைத்திருந்தார்கள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நான் பயிற்சி எடுத்துப் பல வீடுகளில் செய்த வேலை. அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். அந்தப் பக்கம் நடப்பது முழுக்கக் கேட்கும், பாதி தெரியும்.

அவள் நாளை மணி பார்த்துப் பிரிக்கவில்லை, நூல் பார்த்துப் பிரித்தாள்.

"நூல் மாத்துற நேரந்தான்மா வீணாப் போற நேரம். மேல்நூல் மாத்தணும், அடிநூல் சுத்துன பாபின் மாத்தணும், துண்டுத் துணியில ஓட்டிப் பாக்கணும். பத்து தடவை மாத்தினா பாதி நாள் போச்சு."

காலையில் கறுப்பு. மதியத்துக்கு மேல் வெள்ளை. நீலம் சேர்ந்தால் நீலம். அபூர்வமான நிறம் என்றால் அதே நிறத்தில் இன்னும் நாலு துணி சேரட்டும் என்று கிழமையைத் தள்ளிப் போடுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் ஒரு முறை நோயாளியைப் புரட்டினால் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, முதுகில் புண் பார்ப்பது எல்லாவற்றையும் அந்த ஒரு புரட்டிலேயே முடித்துவிடுவேன்.

படுக்கையில் விழுவதற்கு முன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி வாங்கிச் சீட்டு எழுதியது அவர்தான். அவள் கையாலும் அவர் வாயாலும் ஓடிய கடை அது. இப்போது அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கி உட்கார வைக்க என்னாலும் முடியும். சட்டைதான் தடை. நோய் தின்ற உடம்பில் எந்தச் சட்டையும் நிற்கவில்லை.

"இப்படியே போய் உக்காந்தா கம்பியில காயப்போட்ட மாதிரி இருக்கும். தையக்காரி புருஷனே தொளதொளன்னு உக்காந்திருந்தா கடைக்கு எவன்க்கா வருவான்?"

நியாயமான பேச்சு. கல்யாணமான புதிதில் அவள் தைத்துக் கொடுத்த பாசிப் பச்சைச் சட்டையை எடுக்கச் சொன்னார். அவள் வந்து தோளிலும் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தினாள். "பச்சை நூல் போடுறப்போ பிடிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்று ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அந்தத் தெருவில் பாசிப் பச்சை உடுத்துபவர்கள் யாரும் இல்லை. சட்டை ஆணியிலேயே தொங்கியது.

"ஏம்மா!" என்று அவர் திரையைப் பார்த்துச் சொல்வார். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் உனக்கு எத்தனை நூல் விட்டிருப்பேன். எனக்கு ஒரு நூல் கோக்க மாட்டேங்கிறியே."

"நீங்க விட்ட நூல்ல சிக்கிக்கிட்டுத்தான் இங்க கெடக்கேன். இதோ வந்துட்டேன், சும்மா இருங்க."

அந்த 'இதோ' முடிய வேண்டுமானால் கறுப்பு முடிய வேண்டும். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மெஷின் ஓடினால்தான் மருந்து வரும். வாடிக்கையாளருக்குச் சொன்ன கிழமை உண்டு. புருஷனுக்குக் கிழமை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கும் அது புரிந்திருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, வீட்டு வழி வேலைக்காகாது. நீங்க வாசல் வழியாப் போய்க் குடுத்துப் பாருங்க."

சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிப் போய், இரண்டு பெண்களுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது.

"என்னம்மா நீங்க?"

"ஒரு சட்டை பிடிக்கணும். அவசரம். ஒருத்தர் வாசல்ல உக்காரணுமாம்."

பிரித்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். நின்றவர்களும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து, "கெழமை எழுதி வாங்காம வந்துடாதீங்க!" என்று குரல் வந்தது.

"பேரு?" என்றாள் சீட்டை எடுத்து.

"வீட்டுக்காரர்னு போடு."

வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சின் மேல் வைத்துத் தட்டிக்கொண்டார். "இனி எங்க போவா? சொன்னநேரம் கையெழுத்துல்ல."

வியாழக்கிழமை காலை நான் போனபோது அவர் மூச்சு மாறியிருந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். திரையை விலக்கி, "எழுந்து வாம்மா, பக்கத்துல உக்காரு" என்றேன்.

"இதோ வந்துட்டேன்மா. இந்த ஒரு பேன்ட் காலை மடிச்சுத் தைச்சுட்டு."

"கால் கெடக்கட்டும், வா."

மெஷின் இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது. அவள் வந்தபோது அந்தக் கால்சட்டை முடிந்திருந்தது. இவரும் முடிந்திருந்தார்.

அழுதாள். அழவிட்டேன். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இரண்டு பேருமாக அவரைத் துடைத்தோம். உறவுக்காரர்கள் வருவதற்குள் உடுத்த வேண்டும்.

"பச்சையே போடலாம்" என்றேன். "தைக்க வேண்டாம். முதுகுப் பக்கம் வெட்டி மாட்டி, மிச்சத்தை அடியில சொருகிடலாம். வழக்கமா அப்படித்தான். யாருக்கும் தெரியாது."

"மத்தவங்க சட்டைய வெட்டுங்க. இது நான் தைக்கிறது."

டேப்பை எடுத்து அளந்தாள். சட்டையை அவர் மேல் வைத்துப் பார்த்தால், முன்பு குண்டூசி குத்திய இடத்துக்கும் இன்னும் மெலிந்துபோன உடம்புக்கும் நடுவே என் விரல்கள் நுழைந்தன. ஊசிகளைப் பிடுங்கி மறுபடி குத்தினாள். மெஷினில் கறுப்பைக் கழற்றிப் பாசிப் பச்சை கோத்தாள். பாபினும் மாற்றினாள். துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். எதையும் விடவில்லை. தோளும் ஒரு பக்கமும் முடிந்ததும் நான் தடுத்தேன்.

"ரெண்டு பக்கமும் மூடினா ஏறாது. அவர் கை விறைக்க ஆரம்பிச்சாச்சு. போட்டுட்டு, அந்தப் பக்கத்தைக் கையால தை."

மாட்டினோம். அவள் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அக்குளிலிருந்து சின்னச் சின்னத் தையலாக இறங்கி வந்தாள். தோலில் படாமல் ஒவ்வொரு தடவையும் இடது விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள். நான் வேலைக்கு வந்த பிறகு அவள் அந்த ஸ்டூலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கடை வாசலில் யாரோ, "அக்கா!" என்றார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் 'இதோ' சொல்லவில்லை. நான் போய், இன்று கடை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூலை முடிச்சிட்டுப் பல்லால் கடித்தாள். வாசல் பக்கம் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தினோம். பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, சட்டை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்றாள்.

படுக்கையை நான் கலைத்தபோது தலையணைக்கடியில் சீட்டு கிடைத்தது. அவள் வாங்கிப் படித்தாள். துணியைக் கொடுத்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவது அவள் வழக்கம். இதைக் கிழிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை போட்டிருக்கேன்மா" என்றாள். "ஒரு நாள் முன்னாடியே குடுத்துட்டேன்."

நான் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. அவளைக் கூப்பிடாமல் நானே மடித்தேன்.